பழவேற்காட்டுக்கு ஒரு நடமாடும் அறுவை மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

"நம்ம வேலைக்கும் ஆச்சு, வெளி வேலைக்கும் ஆச்சு" என்று சொல்லித்தான் நம்ம ஊரில் முக்கால்வாசி மெஷின்கள் வாங்கப்படுகின்றன. டிராக்டர், ஜெனரேட்டர், காங்கிரீட் மிக்ஸர் எல்லாம் அப்படி வந்தவைதான். இப்போது அந்த வரிசையில் நடமாடும் பேண்ட் சா வந்திருக்கிறது. யூடியூபில் ஒருத்தர் காட்டுக்குள்ளே டிரெய்லரை நிறுத்தி, விழுந்த மரத்தை அப்பளம் மாதிரி பலகை பலகையாக எடுப்பதைப் பார்த்துவிட்டு, பழவேற்காடு பக்கம் படகு வேலை செய்கிற ஒரு நண்பர் இதைப் பற்றி விசாரித்தார். எனக்கு மரத்தொழில் பின்னணி கிடையாது. எது கேட்டாலும் ரெண்டு வாரம் உட்கார்ந்து படிக்கிற வியாதி மட்டும் உண்டு. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் மெஷின். சாதாரண சா மில்லில் ரம்பம் ஒரே இடத்தில் நிற்கும், மரத்தை டிராலியில் வைத்து அதை நோக்கித் தள்ளுவார்கள். நடமாடும் மெஷினில் இது தலைகீழ். மரம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும், ரம்பத் தலை ரெண்டு தண்டவாளத்தின் மேல் நகர்ந்து வந்து கிடைமட்டமாக அறுக்கும். ஒரு டன் மரத்தை நகர்த்துவதை விட நூற்றைம்பது, இருநூறு கிலோ தலையை நகர்த்துவது சுலபம், அவ்வளவுதான் தத்துவம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 1982-ல் ஆரம்பித்த வுட்-மைசர் கம்பெனிதான் இந்த வகையைப் பரவலாக்கியது. கனடாவின் நார்வுட், ஸ்வீடனின் லோகோசோல் என்று மற்றவர்களும் இருக்கிறார்கள். சீனாவில் செய்தவையும் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஒரு கிளைக்கதை. பட்டை ரம்பத்துக்கு லண்டனில் வில்லியம் நியூபெரி காப்புரிமை வாங்கியது 1808-ல். ஆனால் அப்போது அது கடைத்தெருவுக்கு வரவில்லை. பட்டையின் ரெண்டு முனையையும் ஒட்டிய இடம் சக்கரத்தில் வளைந்து வளைந்து பட்டென்று விட்டுவிடும். 1846-ல் பிரான்சில் ஆன் போலின் கிரெபின் என்ற பெண்மணி பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் வழி பிறந்தது. இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இருநூறு வருஷம் கழித்தும் இந்த மெஷினின் தலைவலி அதே பட்டையில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருவோம்.

அங்கே என்ன மரம் இருக்கு?

ஹெச்.பி. எவ்வளவு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பழவேற்காட்டின் பழைய கடல் கலம் கட்டுமரம். எடை குறைந்த கட்டைகளைக் கோடாரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கி, கயிற்றால் கட்டுவது. அதற்குப் பலகை வேண்டாம், ரம்பத்துக்கும் பெரிய வேலை இல்லை. ஏரிக்குள் ஓடுகிற பலகைப் படகுகளுக்குத்தான் அறுத்த மரம் தேவைப்பட்டது. கட்டுமரத்துக்கான பெரிய கட்டைகள் கிடைப்பது போன நூற்றாண்டிலேயே சிரமமாகிவிட்டது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் இறங்கக்கூடிய மாற்றுப் படகுகளைச் சோதித்துப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணத்தில் கண்ணாடியிழைப் படகுகள் கரையை நிரப்பிவிட்டன.

ஆக, "மீனவ கிராமம், படகு கட்ட மரம் அறுக்கணும்" என்ற படம் இன்றைக்குப் பாதிதான் உண்மை. மிச்சம் இருக்கிற மர வேலை என்னவென்றால், மரப்படகு ரிப்பேர், ஃபைபர் படகுக்கு உள்ளே வைக்கிற சட்டம், உட்காரும் பலகை, துடுப்பு, அச்சு செய்வதற்கான மரம், பிறகு வீட்டு வேலை: கதவு, ஜன்னல், கூரைச் சட்டம், பெஞ்சு. ஏரியில் வலை கட்ட ஊன்றுகிற சவுக்குக் கழிக்கு ரம்பமே வேண்டாம்.

உள்ளூரில் நிற்கிற மரங்களும் யூடியூபில் வருகிற பைன் மாதிரி சாதுவானவை இல்லை. சவுக்கு நிறைய இருக்கிறது. ஆனால் பயங்கர கெட்டி. அறுக்க அறுக்கவே உள்ளே இருக்கிற இழுவிசை வெளிவந்து பலகை வில்லாக வளையும், காயும்போது பிளக்கும். சீமைக்கருவேலம் நல்ல வைரமான மரம், மேசை செய்தால் அழகாக வரும். ஆனால் நேராக நாலடி கிடைத்தால் அதிர்ஷ்டம். தென்னையும் பனையும் வெளியே இரும்பு, உள்ளே பஞ்சு. ஒரே வெட்டுக்குள் ரம்பம் ரெண்டு வேறு உலகத்தைப் பார்க்கும். அதோடு தென்னையின் வெளிவட்டம் பல்லை மழுக்குவதில் பேர் போனது. பூவரசு, வேம்பு, புன்னை, மா, புளி, தூங்குமூஞ்சி ஆகியவைதான் இந்த மெஷினுக்கு உண்மையான தீனி. அவையும் தோப்பாக இல்லை. கோயில் பக்கத்தில் ஒன்று, வீட்டுக் கொல்லையில் ஒன்று என்று இருப்பவை. புயல் சாய்த்தால்தான் ரம்பத்துக்கு வரும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னைக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. துண்டு போட்டு லாரியில் ஏற்றி அப்புறப்படுத்துவதே பெரிய வேலையாக இருந்தது. நடமாடும் மெஷினுக்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இங்கேதான். மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக முடியாத இடம், அல்லது கொண்டுபோகிற லாரி வாடகைக்கே மரம் தகாத இடம். மணல் திட்டில் இருக்கிற குப்பங்களும் ஏரிக்குள் இருக்கிற தீவு ஊர்களும் அப்படிப்பட்ட இடங்கள்தான்.

பட்டை, பட்டை, அப்புறம்தான் எஞ்ஜின்

இந்த மெஷினின் பெரிய லாபம் அறுப்பு அகலம். நடமாடும் மெஷினின் மெல்லிய பட்டை மரத்தில் தின்பது சுமார் 2 மி.மீ. வட்ட ரம்பம் 5, 6 மி.மீ. தின்னும். செயின் சாவில் சட்டம் மாட்டிப் பலகை எடுக்கிற முறையில் 8 மி.மீ. வரை போய்விடும். ஒரு அடி, அதாவது 300 மி.மீ. உயரம் உள்ள கட்டையில் 25 மி.மீ. பலகை எடுக்கிறோம் என்று வையுங்கள். செயின் சாவில் 9 பலகை. பேண்ட் சாவில் 11. ரெண்டு பலகை கூட, அதே மரத்திலிருந்து. விலை உயர்ந்த மரத்தில் இந்த ரெண்டு பலகைதான் மெஷினின் வட்டியைக் கட்டும். வேலிக்குப் போகிற மரத்தில் ஒன்றும் கட்டாது.

இப்போது அந்தத் தலைவலி. சிறிய மெஷின்களில் சக்கரம் 19 அங்குலம் அளவில் இருக்கும், கிட்டத்தட்ட 480 மி.மீ. அதில் 1.1 மி.மீ. கனமுள்ள பட்டை வளைந்து ஓடுகிறது. பட்டையின் கனத்தைச் சக்கர விட்டத்தால் வகுத்து, எஃகின் மீள்தன்மை எண்ணால் (200 கிகாபாஸ்கல்) பெருக்கினால் வளைவினால் மட்டும் வருகிற தகைவு கிடைக்கும்: சுமார் 460 மெகாபாஸ்கல். பட்டையை இழுத்துக் கட்டுகிற விசை இதற்கு மேல். கடைக்காரர் "கனமான பட்டை போடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று 1.4 மி.மீ. கொடுத்தால் அதே சக்கரத்தில் அது 580-க்கு மேல் போகும். ஸ்ட்ராங்காக இருக்காது, சீக்கிரம் வெடிக்கும். கனமான பட்டை வேண்டுமென்றால் பெரிய சக்கரம் உள்ள மெஷின் வாங்க வேண்டும். நாலு மீட்டர் நீளப் பட்டை விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடினால் நிமிஷத்துக்கு 375 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு முறை வளைகிறது, அதாவது நிமிஷத்துக்கு 750 வளைவு. ஒரு மணி நேரத்தில் 45,000. பத்து நாளைக்கு ஒரே பட்டையை ஓட்டிவிட்டு "கம்பெனி சரியில்லை" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஓடினால் கழற்றி, சாணை பிடித்து, மாட்ட வேண்டியதுதான் முறை.

பல்லின் சாய்வுக் கோணமும் முக்கியம். மெதுவான மரத்துக்கு 10 டிகிரி சரி. நம்ம சவுக்கு, புளி, கருவேலம் மாதிரி கெட்டிக்கு 7 அல்லது 4 டிகிரி வேண்டும். கோணம் அதிகமானால் பல் மரத்தைக் கவ்வி இழுக்கும், முடிச்சு வந்த இடத்தில் பட்டை ஏறி இறங்கும், பலகையில் அலை அலையாக மேடு பள்ளம் வரும். தென்னை தொடர்ந்து அறுப்பதாக இருந்தால் கார்பைடு அல்லது ஸ்டெல்லைட் முனைப் பல்லைப் பற்றி யோசிக்கணும். அந்தப் பட்டைக்குச் சாணை பிடிக்க வேறு கல், வேறு ஆள். அதனால் மெஷின் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது கூடவே மூன்று விலை கேளுங்கள்: பத்துப் பட்டை, சாணை மெஷின், பல் விரிக்கிற கருவி. இந்த மூன்றும் இல்லாமல் மெஷின் மட்டும் வாங்குவது வலை இல்லாமல் படகு வாங்குவது மாதிரி. பட்டையைச் சென்னைக்கு அனுப்பிச் சாணை பிடித்துக்கொள்ளலாம் என்பவர்கள், மாதம் எத்தனை முறை அந்தப் பஸ்ஸில் போவீர்கள் என்று எண்ணிக்கொள்ளவும்.

எஞ்ஜின் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடலாம். சொந்த வேலைக்கு 13, 15 ஹெச்.பி. பெட்ரோல் எஞ்ஜின் போதும். இந்த மரங்களில் 7 ஹெச்.பி. திணறும். கரண்ட் இருக்கிற இடத்திலேயே அறுப்பதாக இருந்தால் மோட்டார் மேல். பளு ஏறும்போது பெட்ரோல் எஞ்ஜின் மாதிரி சட்டென்று தொய்யாது. ஆனால் 10 ஹெச்.பி. மோட்டார் என்றால் மும்முனை இணைப்பு வேண்டும். அதை வாங்கிவிட்டால் மெஷின் நடமாடாது, அது வேறு. ஹைட்ராலிக் கை வைத்து மரத்தைத் தூக்குகிற, புரட்டுகிற மாடல்கள் தினமும் அறுப்பவர்களுக்கு. வருஷத்துக்கு இருபது மரத்துக்கு நாலு ஆளும் ரெண்டு கடப்பாரையும் போதும்.

ஆனால் தண்டவாள நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். படகுப் பலகைக்கு நீளம்தான் உயிர். அடிப்படை மாடல் பத்துப் பன்னிரண்டு அடி அறுக்கும். கூடுதல் தண்டவாளத் துண்டு பின்னால் சேர்க்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். படகின் வளைந்த விலா மரத்துக்கு இந்த மெஷின் அதிகம் உதவாது. வளைந்த கிளையைத் தடித்த பலகையாக ஒரு வெட்டு எடுத்துக் கொடுக்கும், மீதி ஆசாரியின் கையில்தான்.

பழவேற்காட்டுக்கே உரிய மூன்று எதிரிகள் இருக்கிறார்கள்: மணல், உப்பு, ஆணி. மணலில் தண்டவாளம் ஒரு முனையில் அரை அங்குலம் இறங்கினால் பலகையும் அப்படியே கோணலாக வரும். பனங்கட்டையை அல்லது காங்கிரீட் கட்டையைக் குறுக்கே போட்டு, மட்டம் பார்த்து, அதற்கு மேல்தான் தண்டவாளம். பாதி வேலையில் மறுபடி மட்டம் பார்க்கணும். மரப்பட்டைக்குள்ளும் காற்று மணலை அடைத்து வைத்திருக்கும். கொத்தி உரித்துவிட்டு அறுங்கள், பல்லின் ஆயுள் கண்ணுக்குத் தெரிந்து கூடும். பட்டையில் பிசின் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் சொட்ட விடுவார்கள். ஏரித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது என்று அதை ஊற்றினால் மெஷின் மூன்றே மாதத்தில் துருவுக்குச் சொந்தம். நல்ல தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கலந்து விட்டால் போதும். வீட்டு மரத்தில் துணிக்கொடி ஆணி, கட்சிப் போஸ்டர் ஆணி, படகு கட்டின கொக்கி எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். கையில் பிடிக்கிற சின்ன மெட்டல் டிடெக்டர் ஒரு பட்டையைக் காப்பாற்றினாலே அதன் பாதிக் காசு வந்துவிடும்.

பட்டை அறுந்தால் அது சுழலும் கோட்டில்தான் பறக்கும். அந்தக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. குப்பத்தில் மெஷின் சத்தம் கேட்டால் பிள்ளைகள் கூடிவிடுவார்கள் என்பதால் கயிறு கட்டித் தடுத்துவிட்டே ஸ்டார்ட் பண்ணவும்.

வெளி வேலை: கணக்கும் சட்டமும்

நம்ம பக்கம் உருட்டு மரத்தைச் சுற்றளவு வைத்துத்தான் கணக்கிடுகிறோம். சுற்றளவை நாலால் வகுத்து, அதை வர்க்கம் செய்து, நீளத்தால் பெருக்குவது. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையான உருளைக் கன அளவு 12.7 கன அடி. வித்தியாசம் சேதாரத்துக்கு விட்ட தள்ளுபடி. அதாவது பழைய ரம்பத்தின் சேதாரத்தை வைத்துப் பழகின அளவு இது. மெல்லிய பட்டை அந்தத் தள்ளுபடியில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கிறது. கன அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது இந்த மிச்சம் மரத்துக்காரருக்கா, மெஷின்காரருக்கா என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மெஷினும் துணைச் சாமானும் சேர்ந்து 5 லட்சம். அறுப்புக் கூலி கன அடிக்கு 80 ரூபாய். பட்டை, எரிபொருள், ஆள் கூலி எல்லாம் போக 45 ரூபாய் நிற்கிறது. போட்ட முதலை எடுக்க 11,000 கன அடிக்கு மேல் அறுக்கணும். மேலே சொன்ன அளவு மரமாக 1,100 மரம். வட்டி தனி. மணல் திட்டில் ஆயிரத்து நூறு மரத்துக்கு எங்கே போவது? பொன்னேரி, செங்குன்றம், மாதவரம் பக்கம் போனால் மரம் இருக்கும், ஆனால் அங்கே ஏற்கெனவே பெரிய மில்கள் இருக்கின்றன. மேசை அகலத்துக்கு ஒரே பலகையாகத் தூங்குமூஞ்சி, மா மரத்தை அறுத்து விற்றால் கூலி வேலையை விடப் பல மடங்கு கிடைக்கும் என்பது உண்மைதான். அதற்குத் தலைக்கு நடுவே இடைவெளி அகலமாக உள்ள மெஷினும், பலகையை ஒரு வருஷத்துக்கு மேல் நிழலில் ரீப்பர் துண்டு வைத்து அடுக்கிக் காய வைக்கப் பொறுமையும் வேண்டும். கடற்காற்றில் காய்வது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு பெரிய சுவர் இருக்கிறது. கூடலூர் காடுகள் அழிவது பற்றி 1995-ல் போடப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு, நாட்டின் எல்லா சா மில்களின் தலையெழுத்தையும் மாற்றிவிட்டது. அதில் 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மத்திய உயர் அதிகாரக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய சா மில் திறக்க விடக்கூடாது என்று உத்தரவிட்டது. 2016-ல் மத்திய அரசு மரம் சார்ந்த தொழிற்கூடங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இப்போது அந்த முடிவை எடுப்பது மாநில அளவிலான குழு. எவ்வளவு மரம் நிலையாகக் கிடைக்கும் என்று பார்த்துத்தான் உரிமம் கொடுப்பார்கள். காட்டு எல்லையும் சரணாலய எல்லையும் எவ்வளவு தூரம் என்றும் பார்ப்பார்கள்.

பழவேற்காட்டில் இந்த ரெண்டாவது கேள்விக்கு டேப் பிடித்து அளக்கவே வேண்டாம். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். குப்பங்கள் அதன் கரையில்தான் இருக்கின்றன.

"நான் விற்கப் போறதில்லையே, என் மரம், என் வீட்டுக்கு" என்று தோன்றும். இந்த விதிகளில் சா மில் என்பதற்கான விளக்கம் பொதுவாக நீங்கள் விற்கிறீர்களா என்று கேட்பதில்லை. மின்சாரமோ எஞ்ஜினோ வைத்து உருட்டு மரத்தை அறுக்கிற இயந்திரமும் இடமுமா என்றுதான் கேட்கிறது. டிரெய்லரில் சக்கரம் இருப்பதால் தப்பித்துவிடலாம் என்பது விற்பனையாளர் சொல்கிற சமாதானம். ஏற்கெனவே அறுத்த சைஸ் மரத்தை மட்டும் வைத்து வேலை செய்கிற தச்சுப் பட்டறையின் நிலை வேறு, அதற்குச் சலுகை உண்டு. உருட்டு மரம் உள்ளே வந்ததும் கதை மாறுகிறது. மரத்துக்கும் தனித்தனிக் கேள்விகள் உண்டு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. புறம்போக்கு மரம் யாருடையது என்பதை வருவாய்த் துறை சொல்லணும். கரையோரச் சவுக்கில் வனத்துறை நட்டதும் இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால், தடா பக்கம் அறுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தால் ரெண்டு மாநில விதி.

அதனால் என் வரிசை இதுதான்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் திருவள்ளூர் மாவட்ட வன அலுவலகத்தில், மெஷினின் ஹெச்.பி., அது நிற்கப்போகிற சர்வே எண், அறுக்கப்போகிற மர வகை மூன்றையும் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குவது. வாய்ப்பேச்சில் "தாராளமா பண்ணுங்க" என்ற பதில் அடுத்த அதிகாரி வந்தால் செல்லாது.

உரிமம் கிடைக்காது என்று ஆனால்? வருஷத்துக்கு நாலைந்து மரம் என்றால், பொன்னேரிப் பக்கம் உரிமம் உள்ள மில்லுக்கு மரத்தைச் சேர்த்து வைத்து ஒரே லோடாக அனுப்புவதே மலிவு. உரிமம் உள்ளவரையே மெஷினோடு கூப்பிட முடிந்தால் இன்னும் நல்லது, அவருடைய உரிமம் எந்த இடத்துக்குக் கொடுத்தது என்று பார்த்துவிட்டு. கிடைக்கும் என்று ஆனால், ஒரு ஆள் வாங்குவதை விட நாலைந்து குப்பங்கள் அல்லது படகுப் பட்டறைகள் சேர்ந்து வாங்குவதுதான் அந்த 1,100 மரக் கணக்குக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு முறையில் தலைமுறைகளாக முறை வைத்து ஓட்டுகிற ஊர்கள் இவை. ஒரு மெஷினுக்கு முறை வைப்பது அவர்களுக்குப் புதுசு இல்லை. மெஷின் முறை சுற்றி வரலாம், ஆனால் சாணை பிடிப்பது ஒரே ஆளின் பொறுப்பாக, சம்பளத்தோடு இருக்கணும். ஆளுக்கு ஒரு கோணத்தில் தீட்டினால் பட்டை நேராக ஓடாது.

அப்படி வாங்கினால்: 15 ஹெச்.பி. பெட்ரோல், கையால் தள்ளுகிற தலை, ஹைட்ராலிக் இல்லாதது, 19 அங்குலச் சக்கரம், 1.1 மி.மீ. பட்டை 7 டிகிரியில் பத்து, 4 டிகிரியில் ஐந்து, தண்டவாளம் இருபது அடிக்கு மேல் நீட்டக்கூடியதாக, சாணை மெஷினோடு. வேலை முடிந்ததும் பட்டையின் இழுவையைத் தளர்த்தி விடணும், கழற்றின பட்டையைத் துடைத்து எண்ணெய் தடவி வீட்டுக்குள் மாட்டணும். கடற்கரைக் கொட்டகையில் ஒரு ராத்திரி சும்மா தொங்கவிட்டாலே பல் நுனியில் சிவப்பு ஏறிவிடும்.